மருத்துவக் கட்டுரைகளில் ஆதாரம் காட்டும் முறை

1957-ம் ஆண்டின் முற்பகுதியில், அக்காலத்து மைசூர் இராஜ்யத்தின் ஷிமோகா ஜில்லாவைச் சேர்ந்த கியாசனூர் காட்டில் குரங்குகள் மடிந்து கிடக்கக் காணப்பட்டன. விறகு சேர்க்கவும் கால்நடை மேய்க்கவும் அக்காட்டுக்குள் சென்று வந்த கிராமத்தார் கடுங்காய்ச்சலால் படுத்தனர். குரங்குகளும் மனிதரும் ஒரே காலத்தில் நோயுற்றதால், இந்தியாவில் அதுகாறும் தோன்றியிராத மஞ்சட்காய்ச்சல் நுழைந்துவிட்டதோ என்ற அச்சம் எழுந்தது. புனேயிலிருந்த வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தார் அக்காட்டில் தங்கி ஆராய்ந்து, இது மஞ்சட்காய்ச்சல் அன்று, உண்ணிகளால் பரவும் புதியதொரு வைரஸினால் விளைவது என்று நிறுவினர். அந்நோய்க்குக் காட்டின் பெயரே நிலைத்துவிட்டது. ஆராய்ச்சியின் முடிவுகள் அவ்வாண்டிலேயே ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிகல் சயன்சஸ்’ என்ற சஞ்சிகையின் 11-ம் தொகுதியில் வரிசையாக வெளியாயின.

கியாசனூர் காட்டுநோய் இன்னும் ஒழிந்துவிடவில்லை. கர்நாடகத்தின் மலைநாட்டுப் பகுதியில் அது அடிக்கடி தலைகாட்டுகிறது. பிற்காலத்தில் கேரளம், கோவா, மகாராஷ்டிரம் ஆகிய இடங்களிலும் கண்டறியப்பட்டது. ஆதலால் அதைப் பற்றிய கட்டுரைகளும் தொடர்ந்து வெளிவருகின்றன. அவற்றுள் பலவற்றின் இறுதியிலுள்ள பட்டியலில், 1957-ம் ஆண்டுக் கட்டுரைகளுள் மூன்றாவதைச் சுட்டும் ஒரு சிறு வரி காணப்படும். ஆறு ஆசிரியர்களின் பெயர்கள், கட்டுரையின் தலைப்பு, சஞ்சிகையின் சுருக்கப் பெயர், ஆண்டு 1957, தொகுதி 11, பக்கம் 619 முதல் 645 வரை. இதுவே ஆதாரக் குறிப்பு எனப்படுவது.

இவ்வரியைச் சாதாரண வாசகர் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை. எழுதுபவரும் பெரும்பாலும் வேலையெல்லாம் முடிந்த பிறகு, அலுப்புடன் தொகுப்பதாகவே இது இருக்கிறது. ஆயினும் இவ்வரியில் அடங்கிய ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பணி உண்டு. தபால் உறையின் மீது எழுதும் விலாசத்தோடு இதனை ஒப்பிடலாம். ஊர் தவறினால் கடிதம் வேறு ஊருக்குப் போய்ச் சேரும். கதவு எண் தவறினால் தெருவோடு நின்றுவிடும்.

சஞ்சிகையின் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிகல் சயன்சஸ்’ ஒன்று. 1913-ம் ஆண்டில் தொடங்கிய ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிகல் ரிசர்ச்’ மற்றொன்று. சுருக்கி எழுதும்போது முன்னது ‘இந்தியன் ஜெ மெட் சை’ என்றும், பின்னது ‘இந்தியன் ஜெ மெட் ரெஸ்’ என்றும் நிற்கும். கடைசிச் சொல்லைத் தவறாகப் பெயர்த்தெழுதினால், நூல்நிலையத்தில் வேறொரு அலமாரியிலிருந்து வேறொரு தொகுதியை எடுத்து வந்து, 619-ம் பக்கத்தில் வேறொரு விஷயத்தைப் படிக்க நேரும். தொகுதி எண்ணும் ஆண்டும் தனித்தனியே எழுதப்படுவது இதற்காகவே. ஒன்று பிழைபட்டாலும் மற்றொன்று அதனைக் காட்டிக்கொடுக்கும்.

ஆசிரியர் பெயர்களில் இன்னும் சிக்கலான ஒரு விஷயம் இருக்கிறது. மேற்சொன்ன கட்டுரையின் ஆசிரியர்களுள் முதலிருவரான வொர்க், டிராப்பிடோ ஆகியோரின் பெயர்கள் எல்லாப் பட்டியல்களிலும் ஒரே விதமாகவே உள்ளன. மூன்றாமவரான நரசிம்ம மூர்த்தி சில பட்டியல்களில் ‘நரசிம்ம மூர்த்தி டி பி’ என்றும், வேறு சிலவற்றில் ‘மூர்த்தி டி பி என்’ என்றும் காணப்படுகிறார். நான்காமவர் ஓரிடத்தில் ‘லக்ஷ்மண ராவ் ஆர்’. மற்றோரிடத்தில் ‘ராவ் ஆர் எல்’. ஒரே மனிதர் அகரவரிசையில் இரண்டு எழுத்துகளின் கீழ் பிரிந்து கிடக்கிறார். பெயரின் கடைசிச் சொல்லே குடும்பப் பெயர் என்று கொள்ளும் மேனாட்டு வழக்கம் தென்னாட்டுப் பெயருக்குப் பொருந்தாமையே இதற்குக் காரணம்.

பெங்களூரில் ஒரு நூலகர்

இவ்விஷயங்களைப் பற்றி இந்தியாவில் முதன்முதலாக ஊன்றிச் சிந்தித்தவர், சீர்காழியில் 1892-ம் ஆண்டில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் ஆவார். சென்னை மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராக இருந்த அவர், 1924-ம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். நூலகவியலுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் 1931-ம் ஆண்டில் நூலாக வெளிவந்தன. அவற்றுள் நான்காவது, வாசகரின் நேரம் வீணாகலாகாது என்பதைக் கூறுவது. ஆதாரக் குறிப்பின் இலக்கணம் முழுவதையும் இந்த ஒரு விதியிலிருந்தே வருவித்துவிடலாம். எழுதுபவர் ஐந்து நிமிஷம் கூடுதலாகச் செலவிட்டுப் பக்க எண்ணைச் சரிபார்த்தால், அதைப் படிக்கும் ஒவ்வொருவருக்கும் அரைநாள் மிச்சமாகும்.

தம் பிற்கால வாழ்வை ரங்கநாதன் பெங்களூரில் கழித்தார். 1962-ம் ஆண்டில், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் ஆதரவில், ஆவண ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தை அந்நகரில் தொடங்கினார். விஞ்ஞானிகளுக்கு வேண்டிய கட்டுரைகளைத் தேடித் தொகுத்து, வகைப்படுத்தி, உரிய வேளையில் அளிக்கும் பணியே அங்குக் கற்பிக்கப்பட்டது. மைசூர் சாலையிலுள்ள அந்நிறுவனத்தின் வளாகத்தில் அம்மையம் இன்றும் இயங்கி வருகிறது. ரங்கநாதன் 1965-ம் ஆண்டில் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியராக நியமிக்கப்பெற்று, 1972-ம் ஆண்டு செப்டம்பரில் பெங்களூரிலேயே காலமானார்.

1947-ம் ஆண்டில் நிறுவப்பெற்ற இந்தியத் தர நிர்ணய நிறுவனத்தில் ஆவணங்களுக்கென ஒரு குழு அமைக்கப்பட்டு, அதன் தலைவராகவும் அவர் நெடுங்காலம் இருந்தார். அந்நிறுவனத்தின் தரங்களுள் எண் 1 தேசியக் கொடிக்கு உரியது. விஞ்ஞானச் சஞ்சிகைகளின் அமைப்பு எப்படி இருத்தல் வேண்டும் என்பதற்கு எண் 4 வழங்கப்பட்டது. சிமெண்டுக்கும் எஃகுக்கும் தரம் வகுக்க வந்த நிறுவனம், தன் வரிசையின் தொடக்கத்திலேயே சஞ்சிகைக்கும் இடமளித்தது கவனிக்கத்தக்கது. ஆதாரக் குறிப்பில் இன்றியமையாத பகுதிகள் எவை, வேண்டுமானால் சேர்க்கக்கூடியவை எவை என்பதற்கென 2381 என்ற எண்ணில் தனியே ஒரு தரமும் பின்னர் வகுக்கப்பட்டது.

சுருக்கப் பெயர்களின் ஆபத்துக்கு இங்கேயே ஓர் உதாரணம் கிடைக்கிறது. ரங்கநாதன் பணியாற்றிய தர நிர்ணய நிறுவனமும் ஆங்கிலத்தில் ‘ஐ.எஸ்.ஐ.’, அவருடைய மையத்துக்கு ஆதரவளித்த புள்ளியியல் நிறுவனமும் ‘ஐ.எஸ்.ஐ.’ எந்தக் கட்டுரை எந்தக் கட்டுரைகளால் மேற்கோள் காட்டப்பட்டது என்று அட்டவணை வெளியிட்டு வந்த பிலடெல்பியா நிறுவனமும் ‘ஐ.எஸ்.ஐ.’ தான்! முதலாவது 1987-ம் ஆண்டில் பெயர் மாறியதால் குழப்பம் சற்றே குறைந்தது.

வான்கூவரில் கூடிய பதிப்பாசிரியர்கள்

மருத்துவத் துறையில் கட்டுரைகளுக்கு ஒழுங்கான அட்டவணை அமைக்கும் வேலை 1879-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஜான் ஷா பில்லிங்ஸ் என்பவரால் தொடங்கப்பெற்றது. ‘இண்டெக்ஸ் மெடிக்கஸ்’ என்ற அவ்வட்டவணை 2004 வரை அச்சில் வந்தது. அதன் பணியை இன்று அமெரிக்க தேசிய மருத்துவ நூல்நிலையத்தின் ‘பப்மெட்’ கணினித் தொகுப்பு செய்கிறது. ஆனால் அட்டவணை ஒன்றாக இருந்தும், கட்டுரைகளின் இறுதியில் ஆதாரம் காட்டும் முறை சஞ்சிகைக்குச் சஞ்சிகை மாறுபட்டது. ஒன்று ஆண்டை முன்னே வைத்தது. ஒன்று பின்னே வைத்தது. ஒன்று தலைப்பை அறவே விட்டுவிட்டது. ஒரு சஞ்சிகை ஏற்க மறுத்த கட்டுரையை மற்றொன்றுக்கு அனுப்ப வேண்டுமானால், பட்டியல் முழுவதையும் மறுபடியும் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. கணினி பரவாத காலத்தில் இது எவ்வளவு பெரிய தொல்லை என்பதைத் தட்டச்சு இயந்திரத்தின் முன் அமர்ந்தவர்களே அறிவர்.

இத்தொல்லையைத் தீர்க்கவே, 1978-ம் ஆண்டு ஜனவரியில் கனடா நாட்டின் வான்கூவர் நகரில் மருத்துவச் சஞ்சிகைகளின் பதிப்பாசிரியர் சிலர் கூடினர். அவர்கள் வகுத்த பொது விதிகள் 1979-ம் ஆண்டில் வெளியாயின. ஆதாரக் குறிப்பின் அமைப்பை அவர்களுக்கு வகுத்துக் கொடுத்தது மேற்சொன்ன மருத்துவ நூல்நிலையமே. நகரின் பெயரால் இது ‘வான்கூவர் முறை’ எனப்படுகிறது. அன்று கூடிய சிறு குழுவே பின்னர் மருத்துவச் சஞ்சிகைப் பதிப்பாசிரியர்களின் சர்வதேசக் குழுவாக வளர்ந்தது.

இம்முறையின் சாரம் எளியது. கட்டுரையில் முதன்முதல் எடுத்தாளப்படும் ஆதாரத்துக்கு எண் 1, அடுத்ததற்கு எண் 2 என்று தோன்றும் வரிசையிலேயே எண் இடப்படும். ஒரு முறை இட்ட எண் அந்த ஆதாரத்துக்குக் கடைசிவரை மாறுவதில்லை. இறுதிப் பட்டியல் அகரவரிசையில் அமையாமல், இவ்வெண் வரிசையிலேயே அமையும். ஒவ்வொரு குறிப்பிலும் ஆசிரியர்களின் பெயர் முதலில் வரும். ஆறு பேர் வரை அனைவரும் குறிக்கப்படுவர். அதற்கு மேற்பட்டால் முதல் ஆறு பெயருக்குப் பின் ‘மற்றும் பிறர்’ என்ற பொருளுடைய இலத்தீன் தொடர் சேர்க்கப்படும். பிறகு தலைப்பு, சஞ்சிகையின் சுருக்கப் பெயர், ஆண்டு, அரைப்புள்ளி, தொகுதி எண், முக்காற்புள்ளி, பக்கங்கள். கியாசனூர் கட்டுரைக்கு ஆசிரியர்கள் ஆறு பேரே. ஆதலால் ஒருவர் பெயரும் விடுபடுவதில்லை. ஏழாமவர் ஒருவர் இருந்திருந்தால் அவர் அந்த இலத்தீன் தொடருக்குள் மறைந்திருப்பார். கள ஊழியரின் பெயர் பெரும்பாலும் இத்தகைய கடைசி இடங்களிலேயே நிற்பதால், இவ்விதி அவ்வளவு நியாயமானதன்று என்று கூறுவோரும் உண்டு.

ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் கட்டுரையின் உள்ளேயே அடைப்புக்குறிக்குள் காட்டும் மற்றொரு முறையும் வழக்கில் உள்ளது. படிக்கும்போதே யார், எப்போது சொன்னது என்று தெரிந்துவிடுவது அதன் நன்மை. வாக்கியத்தின் ஓட்டம் தடைப்படுவது அதன் குறை. மருத்துவத் துறையார் பெரும்பாலும் எண் முறையையே விரும்பினர். எம்முறையைக் கைக்கொண்டாலும் கட்டுரை முழுவதும் அதையே கைக்கொள்ள வேண்டும், இரண்டையும் கலக்கலாகாது.

தலைப்பெழுத்தும் குடும்பப் பெயரும்

தமிழருக்கு இவ்வொழுங்கில் தனியான இடர் ஒன்று உண்டு. தமிழ்ப் பெயரின் முன்னிற்கும் எழுத்து ஊரையும் தந்தையையும் குறிப்பது; குடும்பப் பெயர் என்பது பெரும்பாலோருக்கு இல்லை. எஸ். ஆர். ரங்கநாதன் என்பதில் முதலெழுத்து சீர்காழி என்ற ஊரைக் குறிக்கும். அவ்வூரின் ஆங்கில வடிவம் அன்று சியாளி என இருந்தது. இரண்டாமெழுத்து தந்தையாரான ராமாமிருதத்தைக் குறிக்கும். இயற்பெயர் கடைசியில் நிற்பதால் ‘ரங்கநாதன் எஸ் ஆர்’ என்ற வடிவம் தற்செயலாகச் சரியாகவே அமைந்துவிடுகிறது. இந்தியப் பெயர்களில் எந்தச் சொல்லை முதன்மையாகக் கொள்வது என்பதற்கு அவர் தம் நூற்பட்டியல் விதிகளில் மிகுந்த இடம் ஒதுக்கியதில் வியப்பில்லை.

வெளிநாட்டுப் படிவங்களை நிரப்பும்போதே இடர் பிறக்கிறது. மீனாட்சி என்ற பெயருடைய மருத்துவர் ஒருவர் இந்தியாவில் எழுதியபோது ‘மீனாட்சி கே’ ஆக இருப்பார். படிவம் குடும்பப் பெயரைக் கேட்டதால் தந்தையின் பெயரான குமாரசாமியை அவ்விடத்தில் எழுதிவிட்டால், அடுத்த கட்டுரையில் ‘குமாரசாமி எம்’ ஆகிவிடுவார். திருமணத்துக்குப் பின் கணவர் பெயரின் தலைப்பெழுத்தைச் சேர்த்துக்கொண்டால் மூன்றாவது மனிதர் ஒருவர் தோன்றுவார். மூன்று பெயரின் கீழும் சிதறிய உழைப்பை ஒன்றுசேர்த்துக் காண, பதவி உயர்வுக்கு விண்ணப்பங்களை ஆராயும் குழுவுக்குப் பொறுமை இருக்குமென்று எதிர்பார்ப்பதற்கில்லை.

இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. அதற்குத் தக்க உதாரணம் பௌதிகத் துறையில் கிடைக்கிறது. நட்சத்திரங்களை ஆராய்ந்து நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் பட்டியல்களில் ‘சந்திரசேகர் எஸ்’. பெங்களூரில் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் திரவப் படிகங்களை ஆராய்ந்து, 1977-ம் ஆண்டில் தட்டு வடிவ மூலக்கூறுகளாலான புதுவகைத் திரவப் படிகத்தைக் கண்டறிந்த சிவராமகிருஷ்ண சந்திரசேகரும் ‘சந்திரசேகர் எஸ்’. இருவரும் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர், இருவரும் சி. வி. ராமனின் உறவினர். பெயரையும் தலைப்பெழுத்தையும் மட்டும் நம்பித் தேடும் மாணவர் இருவரையும் ஒருவராக்கிவிடக்கூடும்.

இக்குழப்பங்களை நீக்க 2012-ம் ஆண்டில் ‘ஆர்க்கிட்’ என்ற ஏற்பாடு தொடங்கியது. ஆராய்ச்சியாளர் ஒவ்வொருவரும் பதினாறு இலக்க எண் ஒன்றை இலவசமாகப் பெற்று, பெயர் எவ்வாறு மாறினாலும் அவ்வெண்ணைக் கொண்டே தம் கட்டுரைகளை இணைத்து வைக்கலாம். கட்டுரைகளுக்கும் இதுபோன்ற நிலையான எண் உண்டு. 10 என்று தொடங்கும் அவ்வெண்ணைக் குறிப்பின் இறுதியில் சேர்த்தால், சஞ்சிகையின் இணைய விலாசம் மாறினாலும் கட்டுரை தொலைவதில்லை. இவையெல்லாம் இருந்தும், முதற்கட்டுரையிலேயே தம் பெயரின் ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்து இறுதிவரை அதனையே எழுதுவதைப்போன்ற எளிய வழி வேறில்லை.

விலாசம் சரி, செய்தி பிழை

குறிப்பின் அமைப்பு பிழையின்றி இருந்தும், அது சுட்டும் கட்டுரையில் அச்செய்தியே இல்லாதிருப்பின் என்ன பயன்? மருத்துவச் சஞ்சிகைகளில் மேற்கோள்களை மூலத்தோடு ஒப்பிட்ட பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-ம் ஆண்டில் வெளியான ஒரு கணக்கின்படி, ஏறக்குறைய நான்கில் ஒன்று பிழையுடையது. பிழைபட்டவற்றுள் சற்றேறக்குறையப் பாதி, மூலத்தின் கருத்தையே மாற்றிவிடும் பெரும் பிழைகள்.

இத்தகைய பிழை எவ்வளவு கேட்டை விளைக்கும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்று சான்றாகும். 1980-ம் ஆண்டு ஜனவரியில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ சஞ்சிகையில், பாஸ்டன் நகரைச் சேர்ந்த ஜேன் போர்ட்டர், ஹெர்ஷெல் ஜிக் ஆகிய இருவரும் ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் எழுதினர். மருத்துவமனையில் தங்கியிருந்தபோது அபின் வகை வலிநீக்கிகளைப் பெற்ற 11,882 நோயாளிகளுள் நால்வரிடமே அம்மருந்துக்கு அடிமையாகும் நிலை பதிவாகியிருந்தது என்பதே அதன் செய்தி. நோயாளிகள் மருத்துவமனையின் கண்காணிப்பில் இருந்தவர்கள். வீட்டில் மாதக்கணக்கில் மாத்திரை உட்கொள்பவர்களைப் பற்றி அக்கடிதம் ஒன்றுமே கூறவில்லை.

பிற்காலத்தில் எழுதியோர் அக்கடிதத்தைப் படித்தார்களோ இல்லையோ, பட்டியலில் சேர்த்தனர். 302-ம் தொகுதி, 123-ம் பக்கம் என்ற விலாசம் சரியாகவே இருந்தது. 2017-ம் ஆண்டில் கனடாவிலுள்ள ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்தபோது, அது 608 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தது. அவற்றுள் 439, இம்மருந்துகளால் அடிமையாதல் அரிது என்பதற்கு அதையே ஆதாரமாகக் காட்டியிருந்தன. நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பதை 491 கட்டுரைகள் குறிப்பிடவே இல்லை. இதற்கிடையில் அந்நாட்டில் இவ்வகை மருந்துகள் நீடித்த வலிக்குத் தாராளமாக எழுதிக் கொடுக்கப்பட்டன. மாத்திரைகளில் தொடங்கிய கேடு ஹெராயின், ஃபென்டனில் என்று வளர்ந்து, 1999-க்குப் பின் இலட்சக்கணக்கானோர் மிகையளவால் மாண்டனர். இதற்குக் காரணங்கள் பல. ஒரு கடிதத்தின்மீது முழுப் பழியையும் சுமத்துவது நேர்மையாகாது. எனினும் மருத்துவர்களின் தயக்கத்தைப் போக்கப் பயன்பட்ட வாதங்களுள், அந்த ஐந்து வாக்கியங்களின் மீது கட்டப்பட்டதும் ஒன்று. அக்கடிதத்தை எடுத்துப் படிக்க ஒரு நிமிஷம் போதும்.

ஆண்டைக் கவனியாது எண்ணை மட்டும் எடுத்தாள்வதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்க பிழையே. கியாசனூர் நோய்க்குக் கர்நாடகத்தில் வழங்கப்பட்ட தடுப்பூசியைப் பற்றி 1994-ம் ஆண்டில் வெளியான கள ஆய்வு, இரண்டு தவணை பெற்றவர்களிடம் அது 93.5 சதவீதம் பயன் தந்ததாகக் கூறியது. 2005 முதல் 2010 வரையிலான ஆண்டுகளை ஆராய்ந்து 2013-ல் வெளியான மற்றொரு கட்டுரையின்படி, இரண்டு தவணையின் பயன் 62.4 சதவீதமே, ஊக்கத் தவணையும் பெற்றவர்களிடம் 82.9 சதவீதம். பின்னர் அத்தடுப்பூசியின் உபயோகமே நிறுத்தப்பட்டது. ‘தடுப்பூசி 93 சதவீதம் பயனளிக்கும்’ என்று ஆண்டும் ஆதாரமும் இன்றி ஒரு துண்டுப் பிரசுரத்தில் அச்சிட்டிருந்தால், அதை நம்பிக் காட்டுக்குள் செல்பவர் உண்ணித் தடுப்பு எண்ணெய் பூசிக்கொள்ளாமலே சென்றிருக்கக்கூடும். இரண்டு ஆதாரங்களும் ஆண்டுடன் அருகருகே நின்றிருந்தால் படிப்பவர் தாமே சீர்தூக்கிப் பார்ப்பார்.

இல்லாத கட்டுரையை மேற்கோள் காட்டுவதும் நிகழ்வதுண்டு. ஒரு பதிப்பகம் ஆதாரக் குறிப்பின் அமைப்பை விளக்க, கற்பனையான ஒரு கட்டுரையை மாதிரியாக அச்சிட்டிருந்தது. அம்மாதிரியையே நூற்றுக்கணக்கானோர் தங்கள் பட்டியலில் விட்டுவைத்ததை ஓர் ஆராய்ச்சியாளர் 2017-ம் ஆண்டில் வெளிப்படுத்தினார். 2022-ம் ஆண்டின் இறுதியிலிருந்து பரவிய உரையாடும் கணினிச் செயலிகள், உண்மைபோலத் தோன்றும் ஆசிரியர், தலைப்பு, பக்க எண் அனைத்தும் அமைந்த பொய்க் குறிப்புகளைத் தாமே புனைந்து தருவதும் கண்டறியப்பட்டுள்ளது. அத்தகைய குறிப்பின் அமைப்பில் ஒரு புள்ளிகூடப் பிசகியிராது என்பதே அதன் அபாயம்.

களத்திலும் பள்ளியிலும்

கிராமச் சுகாதார ஊழியருக்கும் ஆசிரியருக்கும் இதில் என்ன தொடர்பு என்று கேட்கலாம். இவர்கள் எழுதும் அறிக்கையும் பாடக்குறிப்புமே பொதுமக்களை நேரே சென்றடைவன. குறிப்பெடுக்கும்போதே, எடுத்த இடத்தையும் அதே தாளில் எழுதிவிடுவது முதல் வழக்கமாதல் வேண்டும். நூலைத் திருப்பிக் கொடுத்தபின் பக்க எண்ணை நினைவிலிருந்து எழுதுவதே பிழைகளுக்குப் பிறப்பிடம்.

மூலக் கட்டுரையைப் பார்க்க இயலாமல், வேறொருவர் அதை எடுத்தாண்டதை மட்டும் பார்த்திருந்தால், பார்த்த நூலையே ஆதாரமாகக் காட்டி, மூலத்தை அவர் வழியாக அறிந்ததாகக் கூறுதலே நேர்மை. ஒருவர் நேரிலோ கடிதத்திலோ தெரிவித்த செய்தியாயின், அவர் எழுத்து மூலம் இசைந்தபின், அவர் பெயரையும் தேதியையும் கட்டுரையின் உள்ளே அடைப்புக்குறிக்குள் எழுதலாம். இறுதிப் பட்டியலில் அதற்கு இடமில்லை. அரசாங்க அறிக்கைக்கு இலாகாவின் பெயர், ஊர், ஆண்டு ஆகியவை வேண்டும். இணையத்தில் கண்டதற்கு, கண்ட தேதியும் வேண்டும். பக்கம் அப்படியே இருக்க, அதிலுள்ள எண் ஒரே இரவில் மாறிவிடக்கூடும்.

வெளியான கட்டுரை பின்னர் விலக்கிக்கொள்ளப்பட்டதா என்றும் பார்த்தல் அவசியம். தட்டம்மை முதலியவற்றுக்கான தடுப்பூசியைக் குழந்தைகளின் ஆட்டிசக் குறைபாட்டுடன் தொடர்புபடுத்தி 1998-ம் ஆண்டில் ‘லான்செட்’ வெளியிட்ட கட்டுரை, 2010-ம் ஆண்டில் அச்சஞ்சிகையாலேயே விலக்கப்பட்டது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் எழுதப்பட்ட நூல்கள் பல நூல்நிலையங்களில் இன்றும் இருக்கின்றன. அவற்றின் பட்டியல்களில் அக்கட்டுரை மற்றவற்றைப்போலவே நிற்கிறது.

ஆசிரியர்கள் வகுப்பில் இதைப் பயிற்றுவிக்கப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. பாடநூலில் உள்ள ஒரு புள்ளிவிவரத்தைக் கொடுத்து, அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்து வருமாறு மாணவரிடம் கூறினால் போதும். அரைநாள் அலைந்து திரும்பும் மாணவருக்கு, தொகுதி எண் எதற்கு என்பதைப் பிறகு விளக்க வேண்டியதில்லை.

தமிழில் எழுதப்பட்ட கட்டுரையைச் சர்வதேசப் பட்டியலில் சேர்ப்பதெப்படி என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. அதற்கும் விதி உண்டு. தலைப்பை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சதுர அடைப்புக்குறிக்குள் இட்டு, பக்க எண்ணுக்குப் பின் ‘தமிழ்’ என்று மூலத்தின் மொழியைக் குறிப்பிட வேண்டும். ஆங்கிலக் கட்டுரையைத் தமிழ் அறிக்கையில் காட்டும்போது தலைப்பை மொழிபெயர்த்து மட்டும் எழுதினால், தேடுபவருக்கு அது அகப்படாது. மூலத் தலைப்பு எந்த மொழியில் உள்ளதோ அந்த மொழியிலேயே உடன் எழுதப்பட வேண்டும்.